கூரைக்கு இன்னொரு பூச்சு

இன்னும் கொஞ்சம் நெருங்கி வாருங்கள், கண்ணுகளா. கதவோரம் இருப்பவர்கள் உள்ளே தள்ளி உட்காருங்கள், அங்கே காற்று அடிக்கிறது. தேநீரை ஊற்றிக்கொள்ளுங்கள். இன்றைக்கு உங்களுக்கு ஒரு வீட்டின் கதையைச் சொல்லப்போகிறேன். அந்த வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு பூகம்பங்கள் குடியிருந்தன. ஒன்று எங்கள் தாஷ்கண்டுக்கு வந்தது. இன்னொன்று, போர் முடிந்த மூன்றாம் வருஷம் துர்க்மென் நாட்டு அஷ்காபாத்தில் வந்து, அங்கிருந்து ஒரு பெண்ணோடு கூடவே இங்கே வந்து சேர்ந்தது. எது எதைவிடப் பெரியது என்று அந்த வீட்டில் ஒரு நாள் காலையில் வழக்கு நடந்தது. அதைத்தான் சொல்கிறேன்.

ஜெரென் மல்பெரி மரத்தடியில் உட்கார்ந்து பிலாவுச் சோற்றுக்குக் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை தன்பாட்டுக்கு நறுக்கியது. கண் மட்டும் முற்றத்தின் நடுவில் வெட்டியிருந்த சேற்றுக் குழியை விட்டு நகரவில்லை. குழிக்குள் அவள் கொழுந்தன் எர்கின் கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு மண் மிதித்துக்கொண்டிருந்தான். எங்கள் பேட்டையான மகல்லாவிலிருந்து உதவிக்கு வந்த இரண்டு பேர் வைக்கோலைத் தூவுவதும் தண்ணீர் விடுவதுமாக இருந்தார்கள். சேறு சளக் சளக்கென்று காலைப் பிடித்து விட்டது. வைக்கோலும் ஈரமண்ணும் கலந்த வாசனை ஊரில் எல்லோருக்கும் பிடிக்கும். வருஷா வருஷம் மண் கூரைக்குப் பூச்சு போடுகிற நாள் சின்னக் கல்யாண நாள் மாதிரிதான். பக்கத்து வீட்டு ஆண்கள் வருவார்கள், கேலி நடக்கும், பிலாவு வேகும். ஜெரெனுக்கு மட்டும் அந்த வாசனை ஆகாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, பூச்சு நாள் வந்தால் தலைவலி என்று சொல்லி ஒதுங்கிவிடுவாள். இந்த முறை ஒதுங்க முடியவில்லை. சேறு போகப்போவது கடைசி அறையின் கூரைக்கு. அந்தக் கூரைக்குக் கீழே ஓரகத்தி முனவ்வரும், பிறந்து கொஞ்ச நாளே ஆன அவள் பிள்ளையும் படுத்திருந்தார்கள்.

பூகம்பம் வந்து ரெண்டு மூன்று வாரம் இருக்கும். ஏப்ரல் கடைசியில், ஊர் எழுந்திருப்பதற்கு முன்னால், அடியிலிருந்து யாரோ முதுகில் உதைத்த மாதிரி வந்தது. அன்றிலிருந்து பூமி அடங்கவே இல்லை. தினமும் ஒரு தடவையாவது முனகும். அலமாரியில் தேநீர்ப் பியாலாக்கள் ஒன்றோடொன்று உரசும். ஊரே பேச்சை நிறுத்திவிட்டு, அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடரும். பட்டாளத்துக்காரர்கள் தெருவெல்லாம் கூடாரம் அடித்துக் கொடுத்திருந்தார்கள். மகல்லாவே கூடாரத்தில் கிடந்தது. ஜெரெனும் அவள் புருஷன் துர்சுனும் கூட அங்கேதான். துர்சுன் டிராம் பணிமனை ஆட்களோடு பகலெல்லாம் இடிபாடு அள்ளப் போய்விடுவான். வீட்டுக்குள் தங்கியது முனவ்வரும் பிள்ளையும், அவர்களுக்குக் காவலாக மாமியார் ஹைரினிசோவும் மட்டும்தான்.

ஏன் தங்கினார்கள் என்று கேட்கமாட்டீர்கள், உங்களுக்குத் தெரியும். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் சில்லா. அந்த நாற்பது நாளும் தாயும் பிள்ளையும் அறையை விட்டு வரக் கூடாது. விளக்கு அணையக் கூடாது. தலையணைக்கு அடியில் ரொட்டியும் கத்தியும், வாசலில் துடைப்பமும் இருக்க வேண்டும். சாவு வீட்டுக்குப் போய்வந்தவர்களும், பிள்ளை பெறாத பெண்களும் அந்த நிலைப்படியைத் தாண்டக் கூடாது. ஜெரென் பிள்ளை பெறாதவள். பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் சூப்புக் கிண்ணத்தைக் கொண்டுபோய் நிலைக்கு வெளியே வைப்பாள். மாமியார் உள்ளேயிருந்து கை நீட்டி எடுத்துக்கொள்வாள். பிள்ளையின் அழுகையை ஜெரென் கேட்டிருந்தாள், முகத்தைப் பார்த்ததில்லை.

ஆனால் சுவரைப் பார்த்திருந்தாள். வெளிப்பக்கமாகச் சுற்றிப் போய்ப் பார்த்திருந்தாள். கூரை உட்காருகிற இடத்தில், மூலையில், ஒரு வெடிப்பு. முதல் நாள் மயிரிழை மாதிரி இருந்தது. இப்போது விரல் நுழைகிறது.

"கேரட்டப் பாத்து நறுக்குடி. விரலையும் சேத்துப் பிலாவுல போட்டுறாத," என்றாள் ஹைரினிசோ, அடுப்புக்கு விறகு தள்ளியபடி.

"அத்தை, இந்த அறைக்கு இப்பப் பூச்சு வேணாம்."

"ராத்திரி பேஞ்ச மழைக்குத் தொட்டில் மேலயே சொட்டுச்சு. பச்சப்புள்ள நனையட்டும்ங்கிறியா?"

"கூடாரத்துக்குக் கொண்டு போயிடலாம், ரெண்டு பேரையும்."

"நல்லாச் சொன்ன போ! நாப்பது நாள் முடியாத புள்ளய, கண்டவனும் வந்து போற தெருவுல போட்டு வைக்கச் சொல்றியா? என் வம்சத்துக்கே இருக்கிறது அது ஒண்ணு." ஹைரினிசோ அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "பெத்தவளுக்குத் தெரியும் அந்தப் பயம். உனக்கென்ன தெரியும்."

ஜெரென் நறுக்கிய கேரட்டைத் தட்டில் வாரிக் கொட்டினாள். இந்த மாதிரிப் பேச்சு அவளுக்குப் பழகிப்போனதுதான். இத்தனை வருஷத்தில் மாமியார் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே அபூர்வம். ஆளிருக்கும்போது மருமகள், கோபம் வந்தால் துர்க்மென்காரி.

அந்த நேரம் வாசலில் கொத்துவேலை மேஸ்திரி உஸ்தா சோபிரின் குரல் கேட்டது. மகல்லாவில் பாதி வீடுகள் அவர் கட்டியவை. தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தவர் கேரட் தட்டை எட்டிப்பார்த்தார். "என்ன துர்க்மென் பொண்ணு, இறைச்சி இருக்கா, இல்ல கேரட்ட வச்சே எங்கள ஏமாத்திடுவியா?"

"இருக்கு உஸ்தா. நீங்க முதல்ல அந்த மூலையப் பாருங்க."

"பாத்தேன், பாத்தேன். விரிசல் இல்லாத வீடு இன்னிக்கு தாஷ்கண்ட்ல ஏது? என் வீட்டுச் சுவர்ல பூனையே நுழையுது. நிக்குதில்ல?"

"அஷ்காபாத்துல நிக்கலையே உஸ்தா."

முற்றத்தில் மிதிச்சத்தம் நின்றது. அந்த ஊர்ப் பெயரை ஜெரென் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அந்த ஊர் விழுந்தபோது பத்திரிகையில் அதைப் பற்றி மூலையில் ஏதோ கொஞ்சம் வந்தது, அவ்வளவுதான். எத்தனை பேர் போனார்கள் என்று யாரும் சொல்லவில்லை, கேட்பதும் நல்லதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தாஷ்கண்ட் ஆடியதும் அப்படியா? நாடே புறப்பட்டு வந்தது. ரயில் ரயிலாகக் கட்டட ஆட்கள், செங்கல், கண்ணாடி. வானொலியைத் திருப்பினால் நம்முடைய ஊர். கூடாரத்தில் உட்கார்ந்து அதைக் கேட்கும்போதெல்லாம் ஜெரென் எழுந்து வெளியே போய்விடுவாள். பொறாமை என்று சொல்ல முடியாது. என் ஊருக்கு ஏன் யாரும் அழவில்லை என்று இருக்கும்.

உஸ்தா சோபிர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கேலியை விட்டுவிட்டார். "நான் சொல்றத கேளு மகளே. அது வேற, இது வேற. இங்க அடி நேரா கீழேருந்து வந்துச்சு. சல்லடையில மாவு குதிக்கிற மாதிரி குதிச்சோம், நின்னுட்டோம். உங்க ஊர்ல முதல்ல குதிச்சு, அப்புறம் பக்கவாட்டுல இழுத்திருக்கு. சுவரு வழுக்கி வெளிய போச்சு, கூரை நேரா உள்ள வந்துச்சு. சரியா?"

"சரிதான் உஸ்தா."

"ரெண்டாவது, உங்க ஊர்ல சுவருக்குள்ள மரமே கிடையாது. வெறும் பச்சச் செங்கல். எங்க வீடெல்லாம் பாப்லர் மரச்சட்டம் நிறுத்தி, அதுக்கு நடுவுல மண்ணு அடைச்சது. கூடை மாதிரி. நெளியும், விழாது. அதான் இங்க செத்தவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். அங்க..." கையை மட்டும் விரித்தார்.

"கேட்டுக்கிட்டியா?" என்றாள் ஹைரினிசோ. "உன் ஊருக் கெட்ட காலத்த என் வீட்டு மேல இறக்காத."

ஜெரென் கத்தியைக் கீழே வைத்தாள். "உஸ்தா, நீங்க சொன்ன அத்தனையும் நிஜம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தக் கடைசி அறைச் சுவருக்குள்ள மரம் இருக்கா?"

உஸ்தா தலையைத் திருப்பினார். ஹைரினிசோவைப் பார்த்தார். ஹைரினிசோ அடுப்பைப் பார்த்தாள்.

"மழையில மேல்பூச்சு கரைஞ்சு உரிஞ்ச இடத்துல பாத்தேன். மண் உருண்டையா அடுக்கியிருக்கு. சட்டம் இல்ல."

"எங்கேருந்து வரும் சட்டம்?" ஹைரினிசோ திரும்பினாள். குரல் உயர்ந்துவிட்டது. "போர்க் காலம்டி அது! மரத்துக்கு எங்க போறது? மேற்கேருந்து சண்டைக்குத் தப்பி ரயில் ரயிலா ஜனங்க வந்து எறங்குறாங்க, இடமில்லாம ஸ்டேஷன்ல கிடக்கிறாங்க. ஒரு அம்மா, ரெண்டு பொம்பளப் புள்ளைங்க, கால்ல செருப்பில்ல. இவங்கள நாம வச்சுக்கலாம்னாரு உங்க மாமா. ஒரு அறை எழுப்பலாம்னாரு. அவரு மண்ண உருட்டி உருட்டித் தந்தாரு, நான் அடுக்கினேன். வயித்துல இந்த எர்கின். கூரை போட்ட மறுவாரம் அவருக்குப் பட்டாளத்துலேருந்து அழைப்பு. அவரு கை கடைசியாத் தொட்டது அந்தச் சுவரு. அதுக்கப்புறம் ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் நான் பூச்சு தவறவிட்டிருக்கேனா கேளு, உஸ்தாவக் கேளு. சோத்துக்கு இல்லாத வருஷமும் போட்டேன். ஒரு சொட்டு ஒழுக விட்டதில்ல."

எர்கின் குழிக்குள் நின்றபடி தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெரெனுக்கு அப்போதுதான் புரிந்தது, தான் எதோடு சண்டை போடுகிறோம் என்று. அந்தக் கூரையில் இருப்பது வெறும் மண் இல்லை. ஒரு பெண் வருஷத்துக்கு ஒரு தடவை தன் புருஷனோடு பேசிய பேச்சு. ஒன்றின் மேல் ஒன்றாக, பழையதை எடுக்காமல், இருபது வருஷத்துக்கும் மேலாகப் பேசியிருக்கிறாள். இந்தக் கனத்தை எப்படி இறக்கச் சொல்வது?

ஹைரினிசோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எர்கின், ஏறு. மண்ணு காயுது," என்றாள்.

எர்கின் அண்ணியை ஒரு தடவை பார்த்தான். பிறகு ஏணியில் ஏறினான். கீழே நின்றவன் முதல் வாளியைக் கயிற்றில் கட்டினான். அவன் கூரையில் நடக்க நடக்க, இறவாணத்திலிருந்து புழுதி மெல்லிசாகக் கொட்டியது.

ஜெரென் எழுந்தாள். இடது காலைச் சற்று இழுத்தபடி நடந்து அறை வாசலுக்குப் போனாள். துடைப்பத்துக்கு இந்தப் பக்கமே நின்றாள். தாண்டவில்லை.

"அத்தை, எங்க வீட்லயும் அப்பத்தான் பூச்சு போட்டோம். மழைக்காலத்துக்கு முன்னாடி போடுறதில்லையா, அந்தப் பூச்சு. எங்கம்மாவும் உங்க மாதிரிதான், ஒரு வருஷம் விடமாட்டாங்க. நான்தான் வைக்கோல் தூவினேன். தம்பி சேத்துல விழுந்து விழுந்து சிரிச்சான். ஈரம் காயறதுக்குள்ள பூமி ஆடுச்சு. நடுங்கினது கொஞ்ச நேரந்தான் அத்தை. நடுக்கம் யாரையும் கொல்லல. நாங்க போட்டு வச்ச மண்ணுதான் வந்து விழுந்துச்சு, எல்லா வருஷத்து மண்ணும். அம்மா என் மேல குறுக்க விழுந்தாங்க. என்னோட பேசிக்கிட்டே இருந்தாங்க, அப்புறம் பேசல. என்னை எடுத்தப்ப இடுப்பு நொறுங்கியிருந்துச்சு. ஏரோப்ளேன்ல ஏத்தி உங்க ஊரு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டாந்தாங்க. உனக்குப் புள்ள தங்காதும்மான்னு அங்கதான் சொன்னாங்க. உங்க மகனுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டாரு." அவள் மூச்சு வாங்கினாள். "இந்த வீட்டுல மத்த அறையெல்லாம் தாஷ்கண்ட், அத்தை. உஸ்தா சொல்ற மாதிரி நெளியும், விழாது. இந்த ஒரு அறை மட்டும் அஷ்காபாத்."

ஹைரினிசோவின் கையில் விறகுக் கட்டை அப்படியே நின்றது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

மேலே முதல் வாளி சேறு சொத்தென்று விழுந்தது.

அறைக்குள்ளிருந்து பொத்தென்று இன்னொரு சத்தம். பிறகு முனவ்வரின் குரல், மெல்லியதாக, சத்தம் போட்டால் ஏதாவது விழுந்துவிடுமோ என்று பயந்த குரல். "அத்தை... விளக்கு அணைஞ்சுபோச்சு. மேலேருந்து மண்ணு விழுந்துச்சு. ஒண்ணும் தெரியல அத்தை."

"எர்கின்! அசையாத!" உஸ்தா எழுந்துவிட்டார். "குதிச்சிடாத! ஓரமா, சுவரு மேலயே கால வச்சு வா. மெதுவா. வாளிய விடு, அது கிடக்கட்டும்."

எர்கின் கூரை நடுவில் ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றான். கீழே ஜெரென் நிலைப்படியில் கை வைத்திருந்தாள். நிலைக்கட்டை லேசாக அதிர்வது உள்ளங்கையில் தெரிந்தது. பூமியா, கூரையில் நிற்பவனா, தன் கைதானா என்று தெரியவில்லை. உள்ளே இருட்டு. பிள்ளை அழ ஆரம்பித்தது. அவள் ஹைரினிசோவைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவில் அந்தப் பெண் நட்டுவைத்த மாதிரி நின்றாள். நாற்பது நாள் காப்பு ஒரு கையில், பேரப்பிள்ளை ஒரு கையில், புருஷன் தலைக்கு மேலே. கண்ணுகளா, அந்த நிற்பு நமக்கு யாருக்கும் வேண்டாம்.

"ஜெரென்," என்றாள் ஹைரினிசோ. "போ. நீ போ."

ஜெரென் துடைப்பத்தைத் தாண்டினாள்.

உள்ளே சூடும் பால் வாசனையும் அணைந்த திரியின் புகையும். ஜன்னலை மூடியிருந்த கம்பளி ஓரத்தில் ஒரு கோடு வெளிச்சம். அதில் புழுதி சுழன்றது. அவள் மேலே பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், பார்த்துவிட்டாள். உத்தரங்களுக்கு மேலே பரப்பியிருந்த நாணல் தட்டி ஓரிடத்தில் தொப்பை போட்டிருந்தது. அந்தத் தொப்பைக்கு நேர் கீழே தொட்டில். முனவ்வர் தொட்டில் மேல் குறுக்காகக் கவிழ்ந்து கிடந்தாள், முதுகைக் கூரைக்குக் காட்டி. அதே மாதிரி. அப்படியே அம்மா மாதிரி. திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. வாசல் நாலடி தூரத்தில்தான்.

"முனவ்வர், எந்திரி."

"அக்கா, நீங்களா? நீங்க உள்ள வரக்..."

"அத்தைதான் அனுப்பினாங்க. தொட்டில் கட்ட அவுத்துடு. அவசரப்படாத. முடிச்ச இழுக்காத, அவுத்துடு."

தொட்டிலோடு பிள்ளையைச் சேர்த்துக் கட்டியிருந்த துணிப்பட்டை சிக்கிக்கொண்டது. தலையணைக்கு அடியில் கை விட்டு ஜெரென் கத்தியை எடுத்தாள். பேய்க்கு வைத்த கத்தி பட்டையை அறுத்தது. மேலிருந்து ஒரு சின்னக் கட்டி பிய்ந்து முனவ்வரின் தோளில் விழுந்து உடைந்தது. முனவ்வர் பிள்ளையைத் தூக்கினாள். ஒரு நொடி தயங்கினாள். பிறகு அதை ஜெரெனின் கைகளில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. எர்கின் சுவர் மேலேயே ஊர்ந்து ஏணிக்கு வந்து, பாதியிலிருந்து குதித்து, மனைவியைத் தாங்கிப் பிடித்தான். முனவ்வர் மல்பெரி மரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்து, மண் அப்பிய தலையோடு கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தாள். உஸ்தா ஆட்களை அறையை விட்டுத் தூரத் தள்ளினார். "மேல இருக்கிறத இறக்கணும்," என்றார், யாரையும் பார்க்காமல். "பூச்சு பூச்சா, மேலேருந்து. இன்னிக்கு வேணாம். முதல்ல முட்டு கொடுக்கணும்."

ஹைரினிசோ அருகில் வந்தாள். பிள்ளையை வாங்கக் கை நீட்டுவாள் என்று ஜெரென் காத்திருந்தாள். நீட்டவில்லை. தன் தலைத்துணியை அவிழ்த்து, நரைத்த பின்னல் எல்லோருக்கும் தெரிய, அதை இரண்டு கையாலும் விரித்துப் பிள்ளையின் முகத்துக்கு மேலே நிழலாகப் பிடித்தாள். சிவந்த சின்ன முகம். நெற்றியில் ஒரு துளி மண். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, முதல் தடவையாகப் பார்க்கிற வெளிச்சத்தை நோக்கி உதட்டைக் குவித்தது.

அப்போது பூமி முனகியது. அன்றன்றைய முனகல்தான், பெரிதில்லை. தேநீர்ப் பானையின் மூடி தட்டியது, தெருக்கோடியில் நாய் குரைத்தது. யாரும் ஓடவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் திரும்பி நின்றார்கள். கடைசி அறையின் கூரையில், இத்தனை வருஷத்து மண்ணில் தானாக முளைத்திருந்த சிவப்புக் கசகசாப் பூக்கள், காற்றே இல்லாமல் தலையாட்டிக்கொண்டிருந்தன. ஹைரினிசோவின் கைகள் தலைத்துணியைத் தாழவிடவில்லை. அறை நின்றது. பூக்கள் இன்னும் ஆடின.

கேட்டுக்கொண்டிருந்த கண்ணுகளா, உங்கள் வீட்டுச் சுவர்கள் கைகோத்து நிற்கட்டும். உங்கள் தலைக்கு மேலே இருப்பது லேசாக இருக்கட்டும். தூங்குகிறவர்கள் எல்லோரும் விடிந்ததும் எழுந்து, ஒருவர் பெயரை ஒருவர் சொல்லிக் கூப்பிடட்டும்.